லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹாலிஃபேக்ஸ் வட்டாரத்தின் வரலாற்றுச் சின்னங்களும் பூங்காக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷரில் படிக்கவோ பணிபுரியவோ தங்கியிருப்பவர்களும், அவர்களைப் பார்க்க வரும் உறவினர்களும், வார இறுதியில் பேருந்திலோ ரயிலிலோ சென்று திரும்பத்தக்க இடங்களைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. கட்டணமும் திறப்பு நேரமும் ஆண்டுக்காண்டு மாறுவதால் அவை பொதுப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளன.

யார்க் நகரமும் லேக் டிஸ்ட்ரிக்டும் இருக்கும்போது இந்த உள்ளூர் இடங்களுக்கு எதற்காகச் செல்ல வேண்டும்?

யார்க் பேராலயத்தையும் லேக் டிஸ்ட்ரிக்ட் ஏரிகளையும் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே ஒரு முழு நாளும் கணிசமான பணமும் செலவாகும்; கோடை விடுமுறையில் கூட்டமும் மிகுதி. லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹாலிஃபேக்ஸ் ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றியுள்ள இடங்களுக்கு வேறொரு தனிச்சிறப்பு உண்டு. இந்த வட்டாரத்தின் செல்வம் பெரும்பாலும் கம்பளியிலிருந்து வந்தது. ஆடு வளர்த்த துறவியரின் மடங்கள், துணி வணிகர்களின் சந்தைகள், ஆலை முதலாளிகள் எழுப்பிய ஊர்கள், பிற்காலத்தில் நகராட்சிகள் விலைக்கு வாங்கிய பெருந்தோட்டங்கள் என அந்தச் செல்வம் கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்றும் கண்ணால் காணக்கூடிய ஒரு சாட்சி இங்கே நிற்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இன்று பொதுச் சொத்து. ஓர் இடத்தை யார் கட்டினார் என்பதோடு, யார் வாங்கி மக்களுக்குக் கொடுத்தார் என்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால், வெறும் புல்வெளியாகத் தெரிந்த இடத்துக்கும் பொருள் கூடிவிடும்.

கிர்க்ஸ்டால் மடாலயத்தில் இடிந்த சுவர்களைத் தவிர என்ன இருக்கிறது?

இடிந்த சுவர்கள் என்று சொல்வதே அதற்குச் சற்று அநீதி. கூரை இல்லை என்பது உண்மை; ஆனால் தேவாலயத்தின் நீண்ட நடுக்கூடமும், இருபுறத் தூண் வரிசைகளும், துறவியர் கூடும் மண்டபமும், நடுமுற்றத்தைச் சுற்றிய அறைகளின் சுவர்களும் பெருமளவு முழுமையாகவே நிற்கின்றன. சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவியர் பிரிவுக்குரியதாய் இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் மடங்களுள் இவ்வளவு தெளிவாகத் தரையமைப்பைக் காட்டுபவை குறைவு.

ஃபவுண்டன்ஸ் மடத்திலிருந்து புறப்பட்ட ஒரு துறவியர் குழு 1147இல் பார்னோல்ட்ஸ்விக் என்ற ஊரில் குடியேறியது. அங்கே மழையும், விளைச்சல் பொய்த்ததும், ஊராரின் எதிர்ப்பும் சேர்ந்து அவர்களை விரட்டின. ஹென்றி டி லேசி என்ற நிலப்பிரபுவின் ஆதரவுடன் 1152இல் அவர்கள் ஏர் ஆற்றங்கரையிலுள்ள இந்த இடத்துக்கு வந்தார்கள். கட்டுமானத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் முடிந்துவிட்டது. ஒரே தலைமுறையில் கட்டப்பட்டதால்தான் அதன் தோற்றத்தில் அப்படியோர் ஒருமை இருக்கிறது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539 நவம்பரில், கிர்க்ஸ்டாலும் அரசின் கைக்குப் போனது. பின்னர் கற்களைப் பலரும் பெயர்த்துச் சென்றார்கள். தேவாலயத்தின் நடுக்கூடத்தின் வழியாகவே ஒரு சாலையும் ஓடியது. இன்று நீங்கள் நின்று அண்ணாந்து பார்க்கும் இடத்தில் ஒரு காலத்தில் குதிரைவண்டிகள் போய்வந்தன. 1779இல் கோபுரத்தின் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. 1889இல் கர்னல் ஜான் நார்த் என்ற செல்வந்தர் இதை விலைக்கு வாங்கி லீட்ஸ் நகராட்சிக்கு அளித்தார். 1895இல் இது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

உள்ளே போனதும் தூண்களின் தலைப்பகுதிகளைக் கவனியுங்கள். அலங்காரத்தைத் துறந்த துறவியர் என்று பெயரெடுத்தவர்கள்தான் என்றாலும், அந்தத் தூண் தலைப்புகளில் ஒன்றின் செதுக்கு வேலை அடுத்ததைப் போல இல்லை. கல்லின் நிறத்தையும் பாருங்கள். அக்கம்பக்கத்துச் சுரங்கங்களில் எடுத்த மணற்கல் புதிதாக வெட்டும்போது வெளிர்மஞ்சளாக இருக்கும். சுவர்களில் இன்று காணும் கருமை ஆலைப் புகைபோக்கிகள் நூறாண்டுகளுக்கும் மேல் கக்கிய கரி. அதைத் தேய்த்து அகற்றியிருந்தால் இந்த ஊரின் பாதிக் கதை போயிருக்கும் என்பது என் எண்ணம்.

சாலைக்கு எதிர்ப்புறமுள்ள அபி ஹவுஸ் அருங்காட்சியகம் மடத்தின் பழைய வாயில் மண்டபத்தை உள்ளடக்கியது. விக்டோரியா காலத்துத் தெருக்களை அங்கே மாதிரியாக அமைத்திருக்கிறார்கள். குழந்தைகளுடன் வருபவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிர்க்ஸ்டால் ஃபோர்ஜ் என்ற ரயில் நிலையத்தில் இறங்கினால் மடாலயத்துக்குப் போய்விடலாமா?

பெயரை நம்பி இறங்குபவர்கள் பலர். அந்த நிலையத்திலிருந்து மடாலயம் ஒரு மைலுக்கும் மேல் தள்ளியிருக்கிறது. லீட்ஸ் நகர மையத்திலிருந்து மடாலயம் ஏறத்தாழ மூன்று மைல்தான். கிர்க்ஸ்டால் சாலை வழியே செல்லும் பேருந்துகள் வாசலிலேயே நிற்பதால் அதுவே எளிய வழி. நடக்க விரும்புபவர்கள் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் கரையோரப் பாதையைப் பிடித்து வரலாம். மழைக்காலத்தில் ஆற்றையொட்டிய புல்வெளி சேறாகிவிடும். 2015 டிசம்பரில் ஏர் ஆறு பெருகியபோது இந்தப் பகுதி கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

ரவுண்ட்ஹே பூங்கா இவ்வளவு பெரிதாக இருப்பது எப்படி?

எழுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட இந்தப் பூங்கா நகராட்சி திட்டமிட்டு உருவாக்கியதன்று. இடைக்காலத்தில் டி லேசி குடும்பத்தின் வேட்டைக் காடாக இருந்த நிலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கல்சன் குடும்பத்தின் கைக்கு வந்தது. மாளிகை, செயற்கை ஏரிகள், பாழடைந்தது போலத் தோன்றும்படி வேண்டுமென்றே கட்டிய பொய்க் கோட்டை எல்லாம் அவர்கள் காலத்தவை. அந்தக் கோட்டையைப் பார்த்து எந்த அரசன் காலத்தது என்று கேட்காதவர்கள் குறைவு. எந்த அரசனுக்கும் அதில் பங்கில்லை. பெரிய ஏரிக்கு 1815ஆம் ஆண்டுப் போரின் நினைவாக வாட்டர்லூ என்று பெயர். அதன் பரப்பு 33 ஏக்கர்.

1871இல் நிலம் ஏலத்துக்கு வந்தபோது லீட்ஸ் மேயராக இருந்தவர் ஜான் பேரன், ஆயத்த ஆடைத் தொழிலில் பொருள் ஈட்டியவர். நகராட்சி சட்டப்படி செலவிடக்கூடிய தொகை 40,000 பவுண்டு மட்டுமே; நிலத்தின் விலையோ 1,39,000 பவுண்டு. பேரனும் நண்பர்களும் தம் பொறுப்பில் ஏலம் எடுத்து, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அனுமதி கிடைத்தபின் அதே நிலத்தை நகராட்சிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். 1872இல் இளவரசர் ஆர்தர் பூங்காவைத் திறந்துவைத்தார். நகரத்திலிருந்து வெகு தொலைவு, ஏழைகள் எப்படிப் போவார்கள் என்ற முணுமுணுப்பு அப்போது நியாயமாகவே இருந்தது. 1891இல் ரவுண்ட்ஹே சாலையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது அடங்கியது. இன்று நகர மையத்திலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு. ஏரியைச் சுற்றி வரும் பாதை சீரானது. வெப்பமண்டல உயிரினங்கள் வைத்திருக்கும் டிராபிக்கல் வேர்ல்டுக்கு மட்டும் தனிக் கட்டணம்.

டெம்பிள் நியூசம் மாளிகைக்கும் இந்திய வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, அது என்ன?

காந்தி–இர்வின் ஒப்பந்தத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு இது ஆர்வமூட்டும் செய்தி. 1931இல் காந்தியடிகளுடன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வைஸ்ராய் இர்வின் பிரபுவின் இயற்பெயர் எட்வர்ட் வுட். இந்த மாளிகையும் தோட்டமும் 1904இல் அவருடைய அத்தை எமிலி மெய்னல் இங்ரம் வழியாக அவருக்கு வந்து சேர்ந்தன. 1922இல், இந்தியாவுக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அவர் இதை லீட்ஸ் நகராட்சிக்கு விற்றார். இத்தகைய மாளிகைகளைப் பராமரிக்கும் செலவு அக்காலத்து நிலப்பிரபுக்கள் பலரின் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. நாட்டின் பல மாளிகைகள் இடிபட்டுப் போன காலத்தில் இது பிழைத்ததற்கு இந்த விற்பனையே காரணம்.

இந்தியத் தொடர்பு அதோடு முடிகிறது. மாளிகையின் சுவையான பகுதிகள் வேறு. ஸ்காட்லாந்து அரசி மேரியின் கணவர் டார்ன்லி பிரபு பிறந்தது இங்கேதான். பதினேழாம் நூற்றாண்டில் இதை வாங்கிய சர் ஆர்தர் இங்ரம், முற்றத்தைச் சுற்றிக் கூரையின் விளிம்பில் கைப்பிடிச் சுவருக்குப் பதிலாக, இறைவனைப் போற்றும் ஒரு வாசகத்தின் எழுத்துகளையே வரிசையாக நிறுத்தினார். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு அந்த எழுத்துகளைப் படிக்க முற்றத்தின் நடுவில் நின்று மெல்லத் திரும்ப வேண்டும்.

உள்ளே சீனக் கூடத்தைத் தவறவிடக் கூடாது. பிற்காலத்தில் அரியணை ஏறிய வேல்ஸ் இளவரசர், ஹெர்ட்ஃபோர்ட் சீமாட்டிக்குக் கையால் தீட்டிய சீனச் சுவர்த்தாள்களைப் பரிசளித்தார். அவற்றைச் சுவரில் ஒட்டிய சீமாட்டிக்குப் பறவைகள் போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். ஆடுபன் வரைந்த அமெரிக்கப் பறவைகள் நூலின் படங்களைக் கத்தரித்து இடையிடையே ஒட்டிவிட்டார். இன்று உலகின் மிக விலையுயர்ந்த அச்சு நூல்களுள் ஒன்று அது. சீன மரக்கிளையில் அமெரிக்கப் பறவை உட்கார்ந்திருப்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால் கத்தரியின் விளிம்பு தெரியும்.

வெளியே 1760களில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் உருவாக்கிய நிலத்தோற்றம் இருக்கிறது. இயற்கையாக அமைந்தது போலத் தோன்றும் அந்த மேடுபள்ளங்களில் திட்டமிடாதது எதுவுமில்லை. இருபதாம் நூற்றாண்டில் பூங்காவின் பெரும்பகுதியைத் தோண்டி நிலக்கரி எடுத்துவிட்டுப் பிறகு மண்ணிட்டு மூடினார்கள் என்பது இன்று பார்ப்பவருக்குத் தெரியாது. ரோடோடெண்ட்ரான் பூக்கும் மே, ஜூன் மாதங்கள் இங்கே வர ஏற்ற காலம். அரிய நாட்டு இன மாடு, ஆடு, பன்றிகளை வளர்க்கும் பண்ணையும் அருகிலேயே உண்டு.

சால்ட்டேரில் மக்கள் குடியிருக்கிறார்கள். அங்கே சுற்றுலாப் பயணியாகப் போவது முறையா?

முறைதான், சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதும். வீட்டு வாசல்களும் சன்னல்களும் தெருவை ஒட்டியே இருப்பதால் எட்டிப்பார்ப்பதும், படியில் உட்கார்ந்து படம் எடுப்பதும் குடியிருப்போருக்குத் தொல்லை. கார் நிறுத்தவும் இடமில்லை. லீட்ஸிலிருந்தும் பிராட்ஃபோர்டிலிருந்தும் ரயில் நேரே சால்ட்டேரில் நிற்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஆலை எதிரில் நிற்கும்.

டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி, தென்னமெரிக்க அல்பாக்கா ரோமத்தை நூலாக நூற்றுப் பெரும் பணம் சேர்த்தவர். அவர் பிராட்ஃபோர்ட் மேயராக இருந்த காலத்தில், 1849இல், அந்நகரைக் காலரா தாக்கியது. புகையும் சாக்கடையும் நிறைந்த அந்நகரை விட்டு வெளியே, ஆறும் கால்வாயும் ரயில் பாதையும் சேரும் இடத்தில் புதிய ஆலையைக் கட்டி, 1853 செப்டம்பர் 20ஆம் நாள், தம் ஐம்பதாம் பிறந்தநாளில் திறந்தார். தொடர்ந்து தொழிலாளர்களுக்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகள், தேவாலயம், பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லங்கள், கலைமன்றம் எல்லாம் எழுந்தன. தெருக்களுக்கு மனைவி, பிள்ளைகளின் பெயர்களை வைத்தார். வடிவமைத்த லாக்வுட், மாசன் இருவர் பெயரிலும் தெருக்கள் உண்டு. 2001இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. மதுக்கடைக்கு இடம் தராத, தெருவில் துணி காயப்போடுவதை விரும்பாத, வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் ஆட்களை வைத்திருந்த ஊர் இது. அதே சமயம், அக்காலத்துப் பிராட்ஃபோர்டின் நிலவறைகளில் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடந்தவர்களுக்குத் தண்ணீரும் எரிவாயு விளக்கும் உள்ள தனி வீடு என்ன பொருள் தந்திருக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது. தெருக்களில் நடக்கும்போது வீடுகளின் அளவைக் கவனியுங்கள்: நெடும் வரிசையில் இருப்பவை தொழிலாளர்களுக்கு, வரிசையின் முனைகளில் உயர்ந்து நிற்பவை மேற்பார்வையாளர்களுக்கு. படிநிலையைக் கல்லிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஆலை இன்று கலைக்கூடமாகவும் புத்தகக் கடையாகவும் உணவகமாகவும் இயங்குகிறது. 1987இல் ஜோனதன் சில்வர் இதை வாங்கி, பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார், அனுமதி இலவசம். ஆற்றுக்கு அப்பால் ராபர்ட்ஸ் பார்க் இருக்கிறது. 1871இல் தொழிலாளர்களுக்காகத் திறக்கப்பட்டு, 1920இல் நகராட்சியிடம் வந்த பதினான்கு ஏக்கர் பூங்கா அது. சால்ட்டின் சிலையும் அல்பாக்கா உருவங்களும் அங்கே உண்டு. நேரமிருந்தால் கால்வாய்க் கரையோரம் ஏறத்தாழ மூன்று மைல் நடந்து பிங்லி வரை போகலாம். 1774இல் திறந்த ஐந்து அடுக்கு மடைகளை அங்கே காணலாம். ஒரு தொட்டியின் மேல் கதவே அடுத்த தொட்டியின் கீழ்க் கதவாக அமைய, படகுகள் மாடிப்படி ஏறுவது போல அறுபதடி உயரம் ஏறுகின்றன.

பிராட்ஃபோர்ட் நகரத்துக்குள்ளேயே பார்க்கத்தக்க பூங்கா எது?

மானிங்ஹாமிலுள்ள லிஸ்டர் பார்க். சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் என்ற பட்டாலை அதிபரிடமிருந்து 1870இல் இது நகராட்சியின் கைக்கு வந்தது. பின்னர் அவருடைய பழைய மாளிகை நின்ற இடத்தில், அவர் அளித்த பணத்தைக் கொண்டு எழுப்பிய கார்ட்ரைட் ஹால் கலைக்கூடம் 1904இல் திறக்கப்பட்டது. விசைத்தறியைக் கண்டுபிடித்த எட்மண்ட் கார்ட்ரைட்டின் பெயர் அதற்கு. இதே லிஸ்டர்தான் 1890 இறுதியில் தம் ஆலையில் கூலியைக் குறைத்தார். அதை எதிர்த்து மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் அதன் விளைவாகத் திரண்ட உணர்வு, 1893இல் பிராட்ஃபோர்டில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறக்க வழி செய்தது. பூங்காவிலிருந்து பார்த்தாலே அந்த ஆலையின் புகைபோக்கி தெரியும்.

2001இல் இங்கே திறந்த முகலாயர் பாணி நீர்த்தோட்டம், அக்கம்பக்கத்தில் வாழும் தெற்காசிய மக்களின் வாழ்வோடு பூங்காவை இணைக்கிறது. நேர்கோட்டு வாய்க்கால்களும் நீரூற்றுகளும் கொண்ட அந்தத் தோட்டத்தில் வெயில் நாட்களில் மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைக் காணலாம்.

ஹாலிஃபேக்ஸில் அரை நாள் போதுமா?

பீஸ் ஹாலுக்கு மட்டும் என்றால் போதும். 1779 ஜனவரி 1ஆம் நாள் திறந்த இந்தத் துணிச் சந்தையில், பெரிய முற்றத்தைச் சுற்றி 315 அறைகள் உள்ளன. வீட்டுத் தறியில் நெய்த கம்பளித் துணியை நெசவாளர்கள் கொண்டுவந்து விற்ற இடம். ஆலைகள் பெருகியதும் இதன் தேவை குறைந்து காய்கறிச் சந்தையாயிற்று. சீரமைப்புக்குப் பின் 2017 ஆகஸ்ட் 1 அன்று, யார்க்‌ஷர் நாளில், மீண்டும் திறந்தார்கள். முற்றத்துக்குள் செல்லக் கட்டணமில்லை. இசை நிகழ்ச்சி நாட்களில் மட்டும் கட்டுப்பாடு இருக்கும்.

ஷிப்டன் ஹாலையும் சேர்த்தால் முழு நாள் ஆகும். ஏறத்தாழ 1420ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த மரச்சட்ட வீட்டில் வாழ்ந்த ஆன் லிஸ்டர் (1791–1840), சங்கேத எழுத்தும் கலந்து எழுதிய நாட்குறிப்புகளால் பெயர் பெற்றவர். பெண்களுடனான தம் காதலை அந்தச் சங்கேதத்தில்தான் எழுதினார். மேலே குறிப்பிட்ட லிஸ்டருடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். யார்க்‌ஷரில் அந்தக் குடும்பப் பெயர் சாதாரணம்.

கட்டணம் எவ்வளவு? எந்த நாளில் போகலாம்?

பூங்காக்கள் எல்லாவற்றிலும் அனுமதி இலவசம். மாளிகைகளுக்கும் சில அருங்காட்சியகங்களுக்கும் கட்டணம் உண்டு. நகராட்சி அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமையில் மூடியிருப்பது பரவலான வழக்கம் என்பதால் அன்று பூங்காவை வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் செப்டம்பரில் நடக்கும் ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் விழாவின்போது, வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களும் இலவசமாகத் திறக்கப்படுகின்றன. சிலவற்றுக்கு முன்பதிவு தேவை.

எந்த மாதம் ஏற்றது?

ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் காடுகளில் புளூபெல் மலர்கள் தரையை மூடும். இல்க்லியிலுள்ள மிடில்டன் காடு அதற்குப் பெயர் பெற்றது. ஆகஸ்டில் மேட்டுநிலங்களில் ஹெதர் பூத்து ஊதா நிறமாகிவிடும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால், மதிய உணவுக்குப் பின் கிளம்பலாம் என்ற நம் வழக்கம் குளிர்காலத்தில் பலிக்காது. எந்த மாதமானாலும் மழைக்கோட்டு வேண்டும்.

நடைபாதை தனியார் வயலுக்குள் போகிறது. அதில் நடக்கலாமா?

மஞ்சள் அம்புக்குறி பொது நடைபாதையைக் குறிக்கும். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தத் தடத்தில் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு. நீல அம்புக்குறியுள்ள பாதையில் குதிரையிலும் மிதிவண்டியிலும் செல்லலாம். வாயிற்கதவை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். கன்றுடன் இருக்கும் பசுக்களை நெருங்காமல், சற்று விலகிச் செல்வது உயிருக்கு நல்லது. நாய் உடன் இருந்தால் இன்னும் கவனம் தேவை.

செய்யக்கூடாதவை எவை?

இடிபாடுகளில் ஏறக் கூடாது. கல்லில் பெயர் கிறுக்குவது குற்றம். அனுமதியின்றி டிரோன் பறக்கவிட வேண்டாம். மேட்டுநிலங்களில் அடுப்பு மூட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. 2019 ஈஸ்டர் வார இறுதியில் இல்க்லி மூரில் பரவிய பெருந்தீ பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் பெரும்பரப்பை எரித்தது. சமைத்ததைக் கட்டிக்கொண்டு போய் ஆற அமர உண்பதற்கு எங்கும் தடையில்லை.

முதியோரையும் குழந்தை வண்டியையும் அழைத்துச் செல்ல எது வசதி?

ரவுண்ட்ஹே ஏரிப் பாதை, லிஸ்டர் பார்க், ராபர்ட்ஸ் பார்க் ஆகிய மூன்றும் வசதியானவை. ஷிப்டன் சரிவான இடம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதன்று.

ஒரு நாள் முழுதும் கிடைத்தால் சற்றுத் தொலைவில் எங்கே போகலாம்?

கிர்க்ஸ்டாலின் தாய் மடமான ஃபவுண்டன்ஸ் அபிக்கு, ரிப்பன் நகருக்கு அருகில். 1132இல் தொடங்கிய அந்த மடமும் அதையொட்டிய பதினெட்டாம் நூற்றாண்டு நீர்த்தோட்டமும் 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கிர்க்ஸ்டாலை முதலில் பார்த்துவிட்டுப் போனால் அங்குள்ள தரையமைப்பு உடனே பிடிபடும்.

வார்ஃப் ஆற்றங்கரையிலுள்ள போல்டன் அபி மற்றொன்று. ஆற்றின் குறுக்கே போட்ட தாண்டு கற்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அங்கிருந்து மேலே நடந்தால் வரும் ஸ்ட்ரிட் என்ற இடத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. அகன்ற ஆறு திடீரென ஒரு பாறை இடுக்குக்குள் ஒடுங்கி ஆழத்தில் பாய்வதால், தாண்டிவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு அது குறுகலாகத் தெரியும். பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. சிறுவர்களைக் கையைப் பிடித்துப் பாதையிலேயே நிறுத்தி, அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.